துண்டிலிருந்து வந்த புகை

சிங்காநல்லூரில் நான் வேலை பார்த்த அனிமேஷன் ஸ்டுடியோவில் படம் வரையும் ஒரு அம்மாவுக்கு என் பக்கத்து மேசை. ஒல்லியான உடம்பு, முகத்தில் பாதியை மறைக்கும் மூக்குக்கண்ணாடி. எந்தப் பாத்திரத்தை வரைந்தாலும் முதலில் தானே எழுந்து நின்று நடித்துப் பார்ப்பார்.

ஒரு தேங்காய் எண்ணெய் விளம்பரத்துக்குக் கோபக்கார வியாபாரி ஒருவனை வரையச் சொன்னார்கள். அவர் வரைந்த வியாபாரி, "ஏனுங்க, இப்படிச் செய்யலாங்களா?" என்று சிரித்தபடியே கேட்டான். முதுகுக்குப் பின்னால் அவன் கைகள் மட்டும் தோள்துண்டைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டே இருந்தன.

"கோவம் பத்தலீங்க அம்மணி. மூக்குல புகை வரட்டுங்க," என்றார் முதலாளி.

"நம்மூர்ல கோவத்தை யாருங்க காட்டறாங்க? அடக்கறதைத்தானுங்க பெருசாக்கியிருக்கேன்."

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"சரிங்க, பாக்கறேனுங்க," என்று அந்த அம்மா சிரித்தார். மேசைக்கடியில் அவர் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

மறுநாள் படத்தை ஓட்டிக் காட்டினார். வியாபாரி அதே சிரிப்போடு நின்றான். பின்னால் முறுக்கேறிய துண்டிலிருந்து புகை கிளம்பியது.

"கேட்ட புகையை வெச்சுப்போட்டேனுங்க," என்றார்.

இப்போதும் யாராவது என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினால், என் கண் அவர்களுடைய கைகளைத்தான் தேடுகிறது.