பையன் எப்படி சார்?

போன வாரம் ஒரு மனு எழுதினேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தென்னேரியிலிருந்து கன்னியப்பன் வந்து இறங்கினார். நிலம் வைத்து உழுகிற மனுஷன். கையில் பெரிய பழுப்புக் கவர் – எக்ஸ்ரே.

"இங்கிலீஷ்ல எழுதிக் கீது சார். இன்னான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அவர் மகள் சரோஜாவுக்கு டி.பி. இரண்டு பக்கமும். வயசு இருபது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம், கையில் ஐந்து மாதக் குழந்தை... கையில் என்று எழுதுவது தப்பு. குழந்தையை மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "சீக்கை எங்க வூட்டுக்குக் கொண்டாந்தவளே நீதான், புள்ளையத் தொடாத" என்று சொல்லி இவளைத் தென்னேரிக்கு அனுப்பிவிட்டாள்.

மாப்பிள்ளை ஏழுமலையும் இருமிக்கொண்டுதான் இருக்கிறானாம். அதுவும் இவளால் வந்ததுதானாம்.

"எம்பொண்ணு குண்டுக்கல்லாட்டம் இருந்தா சார். அவனுக்கு மின்னாடியே இருந்திருக்கும். மறைச்சுக் கட்டி வச்சிட்டானுங்க. கேஸ் போடணும். புள்ளை அவகிட்ட வரணும், அவ மேல போட்ட பழி போவணும்."

பக்கத்து பெஞ்சில் என் நண்பர், வக்கீல். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார். "தொத்து வியாதியைத் தெரிஞ்சே பரப்பினா தண்டிக்கப் பழைய சட்டமே இருக்கு. ஆனா தெரிஞ்சேன்னு நிரூபிக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடியே அவனுக்கு டி.பி. இருந்தது தெரிஞ்ச ஆள் யாராவது உண்டா?"

நான் டீயைக் குடித்தேன்.

ஏழுமலை எங்கள் ஊர்ப் பையன். கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பு, இதே மாதிரி ஒரு கவரை அவன் அண்ணன் என்னிடம்தான் கொண்டுவந்தான். ஊரில் இங்கிலீஷ் படிக்கிற ஆள் நான்தானே? படித்துச் சொன்னேன். ஊசி போட்டார்கள். மூன்றே மாதத்தில் இருமல் நின்றது, கன்னம் உப்பியது. "தேறிட்டான் சார்" என்றார்கள். பெண் நிச்சயமானதும் ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் பெண் வீட்டார் யாராவது பார்த்துவிட்டால்? ஒன்றரை வருஷம் போட வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அதையும் நான்தான் படித்துச் சொல்லியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா பெண் கொடுத்துவிடுவதில்லை. பையன் ஊருக்கு வந்து டீக்கடை, ரைஸ் மில், சலூன் என்று நாலு இடத்தில் விசாரிப்பார்கள். பதில் சொல்கிறவர்களுக்கும் ஒரு முறை உண்டு – வாயைத் திறந்தால் நல்லதுதான் வர வேண்டும். மொடாக்குடியன் 'எப்பவாவது' குடிப்பான். வெட்டியாகத் திரிகிறவன் 'வேலைக்கு ட்ரை பண்ணிக்கினு' இருப்பான். கல்யாணத்தைக் கலைத்தவன் என்று ஒருத்தன் பேர் வாங்கிவிட்டால், நாளைக்கு அவன் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களிடம் ஊர் என்ன சொல்லும்? எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

கல்யாணத்துக்கு முன்பு, ஏழுமலையைப் பற்றி விசாரிக்க வந்த அன்று கன்னியப்பன் நேராக என்னிடம் வந்தார். "பத்திரிகைல எழுதுறவரு நீங்க. உங்க வாயால ஒரு வார்த்தை கேட்டாப் போதும். பையன் எப்படி சார்?"

"தங்கமான பையன்" என்றேன்.

இப்போது சொல்லுங்கள். வியாதியை மறைத்துத் தாலி கட்டியவனை ஜெயிலில் போடலாமா? போடு என்றுதான் என் வயிற்றெரிச்சல் சொல்கிறது. ஆனால் தெரிந்திருந்தால்தான் குற்றம் என்றால், எவன் போய் எக்ஸ்ரே எடுத்துத் தெரிந்துகொள்வான்? இருமலை அடக்கிக்கொண்டு மணையில் உட்கார்ந்துவிடுவான். சரி, ஏழுமலையை மட்டும் போட்டால் போதுமா? அண்ணன்? அம்மா? வாய் கூசாமல் நல்லவன் என்று சொன்ன ஊர்? எத்தனை ஜெயில் கட்டுவது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேஸ் முடிகிறவரை சரோஜா இருப்பாளா என்பதும் தெரியவில்லை.

வக்கீல் கிளம்பிப் போனபின் மனு எழுத உட்கார்ந்தேன். கன்னியப்பன் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் சாட்சி. யார் பேரைப் போடுவது என்று கேட்டேன்.

"உங்க பேரையே போடுங்க சார். நல்ல பையன்னு நம்பித்தானே அன்னிக்கு நீங்களும் சொன்னீங்க? உங்களையே ஏமாத்திக் கீறானுங்கன்னா, நாங்கல்லாம் எந்த மூலைக்கு?"

என் பெயரை எழுதினேன். அவர் கீழே கட்டைவிரலை உருட்டி வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறிப் போனார்.

உங்களிடம் ஒன்றையும் ஒளிக்காமல் பத்திரிகையில் எழுதிவிட்டேன். கன்னியப்பனுக்குத்தான் படிக்கத் தெரியாது.