எல்லா விளக்கும் வெள்ளை

தூத்துக்குடிக் கடற்கரையில் பொழுது சாய்கிறது. மாதா கோயில் திருவிழாவை ஒட்டிய பாய்மரப் போட்டிக்கு வள்ளங்கள் வரிசையாக நிற்கின்றன. இரவு முழுக்க ஓடி, விடியும்போது கரைக்குத் திரும்ப வேண்டும். போட்டி நடத்துகிறவர் மெகாபோனில் விதிகளைக் கத்துகிறார். ஆளுக்கொரு மிதவை வேண்டும், கப்பல் பாதைக்குள் போகக் கூடாது, பாய்மரத்து அரிக்கேன் விளக்கு அணையக் கூடாது.

பிறகு நேராக ஒரு வள்ளத்துக்கு வந்து, விளக்கில் சுற்றியிருந்த சிவப்புத் தாளைக் கிழித்துப் போடுகிறார்.

"ஏலே, சிவப்பும் பச்சையும் கப்பல்ல போடுத வெளக்கு. எவனாவது தப்பா நெனச்சு உங்க மேல ஏத்திருவாம்லே."

அவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. தாளைச் சுற்றியவள், போட்டி பார்க்க வெளியூரிலிருந்து வந்த என் பக்கத்தில் நிற்கும் ரோஸம்மா. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புருஷன் அந்த வள்ளத்தில் போகிறான்.

"அவுக வெளக்கு எதுன்னு எனக்குத் தெரியணும்லாக்கா," என்கிறாள்.

வள்ளங்கள் கிளம்புகின்றன. இருட்ட இருட்டப் பாய்கள் மறைந்து, வெள்ளைப் புள்ளிகள் மட்டும் கடலில் ஆடுகின்றன. ரோஸம்மா ஒரு புள்ளியைப் பார்த்துக் காற்றில் சிலுவை போடுகிறாள். பிறகு அடுத்ததற்கும் போடுகிறாள்.

"இதுல எதும்மா உன் வீட்டுக்காரரோட வெளக்கு?"

"தெரியலையேக்கா. அதான் எல்லாத்துக்கும் போடுதேன்."

எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது. போக மனமில்லை. ஒரு விளக்கு அலைக்குப் பின்னால் மறைகிறது. அவள் கை அந்தரத்தில் நிற்கிறது. விளக்கு மறுபடி தெரிந்த பிறகுதான் கை அடுத்ததற்குப் போகிறது.