ஹாரன் அடித்தால் வேன் எங்கே போகும்?

"நிக்கிற வண்டிக்கு ஹாரன் அடிச்சா அது எங்க சார் போகும்?" என்று முன்பு நான் சாலை விதிகள் பற்றிப் பாடம் எடுத்தபோது ஒரு மாணவி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

இன்று நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் வந்தேன். நான்குவழிச் சாலை ஓரத்தில் ஒரு பூ வேன் பஞ்சராகி நின்றது. பின்னால் வருகிற வண்டிகளுக்கு அடையாளமாக வேப்பங்கொப்பு ஒன்றை ஒடித்துப் போட்டுவிட்டு, அதன் டிரைவர் டயர் மாற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. விலகவில்லை. கொப்பின் மேலேயே ஏறிப் போனது. அந்த மனிதர் பதறி எழுந்து வேனோடு ஒட்டிக்கொண்டார்.

"வலது பக்கம் காலியாத்தானே கிடக்கு, செத்த ஒதுங்கக் கூடாதா தம்பி?" என்று எங்கள் டிரைவரிடம் கேட்டேன்.

"ஹாரன் அடிச்சேன்ல சார்? அவருதான் ஒதுங்கணும்."

"டயருக்குள்ளயா ஒதுங்குவாரு?" என்றார் பின்சீட்டுப் பூக்கார அம்மா.

பஸ்ஸே சிரித்தது. டிரைவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் இன்று சிரிப்பு வரவில்லை.

நாளை ஓரத்தில் ஒரு வண்டி நின்றால், கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ஹாரனுக்குப் போகும் கையால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் பாருங்கள்.