நாலு மூலையிலும் ஒரே எடை

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய யோகா விரிப்பைக் கழுவியது. மொட்டைமாடியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தண்ணீர் வடித்தோம்.

"நேராப் பிடி. உன் பக்கம் தொங்குது."

தொங்கியது அவர் பக்கம்தான்.

"மாத்திரை ஒழுங்காப் போடறீங்களாப்பா?"

"அதெல்லாம் யோகா டீச்சர் பாத்துக்கறாங்க."

அந்த வாரமே மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் போய்விட்டார். ரத்த அழுத்த மாத்திரை நின்று பல மாதம் இருக்கும் என்றார் மருத்துவர். எனக்கு யார் மேல் சந்தேகம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்பா தராசு பழுது பார்ப்பவர். தட்டின் நடுவில் சரியாகக் காட்டுவதை நம்பமாட்டார். அதே எடைக்கல்லை நாலு மூலையிலும் மாற்றி வைப்பார். மூலைக்கு ஒரு கணக்குக் காட்டினால், "திருட்டுப் பய" என்று ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். மனிதர்களுக்கும் அதே சோதனைதான். ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்பார்.

மூட்டுவலிக்காக யோகா வகுப்பில் சேர்ந்ததும் டீச்சரை அப்படித்தான் குடைந்தார். யோகாவை யார் கண்டுபிடித்தது? எப்போது? எந்த ஆதாரத்தில்? "ஆரம்பிச்சது யாருன்னு தெரியாது சார். எழுதி வைக்கறதுக்கு முன்னாடியே மூச்சைக் கவனிச்சவங்க இருந்திருக்காங்க," என்றாராம் டீச்சர், ஒவ்வொரு முறையும்.

"அளந்து விடலடி அந்தம்மா," என்றார் அம்மாவிடம். "ஆனா உடம்பை வளைக்கறதுக்கு முன்னாடி ஒரு படி இருக்காம். பொய் சொல்லக் கூடாதாம். அதுக்கு வளையறதே தேவல."

முழங்கால் வலி குறைந்தது. தூக்கம் வந்தது. சிடுசிடுப்புகூடக் கொஞ்சம் அடங்கியது என்பாள் அம்மா.

காரியம் முடிந்ததும் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அப்பாவின் முறையிலேயே கேட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னீர்களா? குறைக்கச் சொன்னீர்களா? மூச்சுப் பயிற்சியே போதும் என்றீர்களா? மாத்திரை சாப்பிடுபவர் என்பதாவது தெரியுமா?

"எத்தனை தடவை கேட்டாலும், நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா. டாக்டரைக் கேக்காம எதையும் விடாதீங்கன்னுதான் எல்லாருக்கும் சொல்றேன். டாக்டரே நிறுத்திட்டார்னாரு உங்கப்பா. அதுக்கு முன்னாடி ஒருநாள் வகுப்புல பிரஷர் பாத்தோம். கம்மியா இருந்துச்சு. குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாரு."

நம்பாமல்தான் வீட்டுக்கு வந்தேன். அம்மாவைக் கேட்டேன்.

"நீதானே நிறுத்திக்கலாம்னே? போன்ல நீ சொன்னதா சொன்னாரே!"

நான் சொல்லவே இல்லை.

என்னிடம் டீச்சர். டீச்சரிடம் டாக்டர். அம்மாவிடம் நான். மூலைக்கு ஒரு கணக்கு.

மாத்திரையின் புண்ணியத்தில் இறங்கிய அழுத்தத்தை மூச்சின் கணக்கில் எழுதிக்கொண்டார். நடுவில் ஒருமுறை வைத்துப் பார்த்ததோடு சரி. வாழ்நாளில் அந்த ஒரு அளவை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை.

மறுநாள் அப்பாவின் போன் அடித்தது. மருந்துக்கடைக்காரர்.

"அப்பா இல்லையாம்மா? எங்க எடை மெஷின் எப்பவோ ரெடின்னாரு. கொண்டாரும்போது மாத்திரையும் வாங்கிக்கறேன்னாரு. ஆளையே காணோம். கடைப்பக்கம் வந்தா மாத்திரை ஏன் வாங்கலைன்னு நான் கேப்பேன்னு பயமான்னு கேளு."

சிரித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

மெஷின் அப்பாவின் மேசைக்கடியில், துடைத்து, துணி சுற்றி இருந்தது. நாலு மூலையிலும் எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். ஒரே எடை. கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் பாக்கி.