தலையணை உறையால் தூசியை வென்றவர்

மின்விசிறி செய்யும் அந்தப் பெரிய கம்பெனியில், புகார்ப் பிரிவு குமாஸ்தாவை எல்லோரும் ‘ஆராய்ச்சி’ என்றே அழைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

ஊழியர்களின் யோசனைகளுக்குப் பணம் தரக் கம்பெனி ஒரு நிதி ஒதுக்கியிருந்தது. ஆண்டுக்கணக்கில் அது அசையாமல் கிடந்தது. காரணம், கமிட்டியின் ஒரே கேள்வி: “இதுக்கு முன்னாடி யாராவது செஞ்சு ஜெயிச்சிருக்காங்களா?” இல்லை என்றால் ஆபத்து; ஆமாம் என்றால் பழசு.

ஆராய்ச்சியின் யோசனை, விசிறி இறக்கையைத் துடைக்கும் துணி உறை. மாட்டித் தேய்த்து இழுத்தால், வாயிலுள்ள எலாஸ்டிக் சுருங்கித் தூசியைச் சிறைவைத்துவிடும். இந்த மகத்தான பணிக்காக வீட்டுத் தலையணைகள் ஒவ்வொன்றாக மானமிழந்தன.

“இந்தத் தடவையும் கைவிரிச்சாங்கன்னா கத்திரி, ஊசி எல்லாம் பரணுக்குப் போயிடும். சொல்லிட்டேன்,” என்றாள் மனைவி.

“விஞ்ஞானத்தையே பரண்ல ஏத்துவியா?”

“விஞ்ஞானியையும் சேர்த்துதான்.”

கமிட்டி அறையில், துடைப்பே அறியாத விசிறி ஒன்று தொங்கியது. ஆராய்ச்சி நாற்காலிமேல் ஏறி மூன்று இறக்கைகளையும் வழித்தார். கடைசி இறக்கையிலேயே உறையை விட்டுவிட்டு, விளக்கம் சொல்ல இறங்கினார்.

“தூசி தலைல கொட்டாதுன்னு என்ன ஆதாரம்?” என்றார் கணக்குத் துறைத் தலைவர், தம் வழுக்கையைத் தடவியபடி.

ஆராய்ச்சி ஆதாரத்தை முன்னுரையிலிருந்து தொடங்கினார். புழுக்கம் தாங்காத கமிட்டித் தலைவர் எழுந்து சுவிட்சைத் தட்டினார்.

விசிறி சுழன்றது. உறை பறந்தது. பறந்து, கணக்குத் துறையின் வழுக்கைமேல் கச்சிதமாக இறங்கியது. ஆராய்ச்சிக்குக் கண்முன்னே பரண் தெரிந்தது.

கணக்குத் துறைத் தலைவர் உறையை எடுத்தார். தலையைத் தடவினார். விரலை மூக்குக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “ஒரு பொட்டுத் தூசி இல்லையே!” எலாஸ்டிக்கைப் பிரித்தார். உள்ளே, அந்த அறையில் நடந்த அத்தனை கூட்டங்களின் தூசியும் பத்திரமாக இருந்தது.

“ஆனா, இதுக்கு முன்னாடி எங்கயாவது...” என்று பழக்க தோஷத்தில் இழுத்தார் கமிட்டித் தலைவர்.

“ஜெயிச்சிருக்கு சார். இப்பதான், என் தலைமேல!”

நிதியின் மடை அன்றே திறந்தது. இப்போது கம்பெனியின் ஒவ்வொரு விசிறிப் பெட்டியிலும் ஓர் உறை போகிறது.

செய்தி கேட்ட மனைவி, “பாதிக் கண்டுபிடிப்பு என்னுது. உறை யாருது?” என்றாள்.

ஆராய்ச்சி மறுக்கவில்லை. அவர் பார்வை ஜன்னல் திரைமேல் நிலைத்திருந்தது.

“அதைத் தொட்டீங்க, அவ்வளவுதான்!” என்றாள். கத்திரியை எடுத்து நீட்டியதும் அவள்தான்.