ஓடையில் மஞ்சள் நீர்

தண்ணீர் மாதிரி எடுக்க முறை உண்டு. நீரோட்டத்தை எதிர்த்து நிற்க வேண்டும். போத்தலை அதே தண்ணீரில் அலச வேண்டும். காலால் கலக்கிய இடத்தில் எடுத்தால் செல்லாது. பிற்காலத்தில் அரசாங்க உத்தியோகத்தில் நான் பின்பற்றிய எந்த விதியும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ் பள்ளி மாணவர்களான நாங்கள், நகருக்கு வெளியே இருந்த வனப்பூங்காவின் ஓடையை மாதந்தோறும் சோதித்தோம். மாதந்தோறும் அது சுத்தமாகவே இருந்து என்னை ஏமாற்றியது. அசுத்தத்தைக் கண்டுபிடிப்பவர் பெயர் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அப்படி ஏதாவது தெரிந்தால் பொதுமக்களை உள்ளே விடமாட்டோம் என்று வனக்காவலரும் எச்சரித்திருந்தார்.

பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆசிரியருக்குச் சாப்பாடு போடாமலிருப்பது அதைவிடக் கேவலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பேருந்துக்குப் பின்னாலேயே மாமாவின் வேன் வந்தது. அம்மாவும் அத்தையும் ஓடையின் மேல்வளைவில் அடுப்பு மூட்டினார்கள்.

"நம்ம புள்ள சோதிச்ச தண்ணிதானே அண்ணி? கோழிய இங்கயே கழுவிக்கலாம்லா" என்றார் அத்தை, மஞ்சள் தடவிய கோழியைத் தூக்கிக்கொண்டு.

நான் கீழே என் கடமையில் இருந்தேன். சற்று நேரத்தில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. கொழுப்பும் மிதந்தது.

"சார்! கெமிக்கல் சார்! பெக்டரிலேர்ந்து வருது!"

"மேல காடுதான்டி இருக்கு. பெக்டரிய யாரு கட்டுனா, கொரங்கா?" என்றாள் தோழி.

"மேருலேர்ந்து வருது" என்றேன் விடாமல்.

மேரு என்பது தொழிற்சாலைகள் இருந்த ஊர்; கடலோரக் கிள்ளானுக்கும் அப்பால், தாழ்நிலத்தில் இருந்தது. அங்கிருந்து வருவதென்றால் தண்ணீர் மலையேற வேண்டும்.

ஆசிரியர் நான் நிரப்பியிருந்த போத்தலை முகர்ந்தார். மேல்வளைவைப் பார்த்தார். வனக்காவலர் பாதையில் வந்துகொண்டிருந்தார். ஆசிரியர் சட்டென்று போத்தலைப் புதரில் கவிழ்த்தார்.

"கால வச்சிக் கலக்கிட்டம்மா. செல்லாது. மேல போய் எடு."

"நான் கலக்கல சார்!"

"உங்கம்மாவையும் தாண்டி, நல்லா மேல போய் எடு."

எடுத்தேன். சுத்தம். காவலர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆசிரியர் இரண்டாம் முறையும் கறி கேட்டு வாங்கினார். "ரொம்ப நல்லாருக்குங்க. அடுத்த மாசம் மட்டும் வீட்லயே கழுவிட்டு வந்துருங்க" என்றார் மெதுவாக. அம்மா அகப்பையோடு அப்படியே நின்றார்.

திரும்பும்போது மாமாவின் வேனிலேயே ஏறிக்கொண்டு, வழியெல்லாம் நான் கொதித்தேன். "சார பெக்டரிக்காரன் யாரோ காசு குடுத்து வாங்கிட்டான்மா."

அம்மா ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பாவம், வேன் ஆட்டம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மாமாவை மெதுவாக ஓட்டச் சொன்னேன்.