வலிக்காத மனிதன்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

இன்று ஆஸ்பத்திரியில், வாதம் வந்து படுத்திருக்கும் என் அப்பாவின் காலில் டாக்டர் ஊசியால் குத்தி, "வலிக்குதா?" என்று கேட்டார். அப்பாவின் கால் கொஞ்சமும் அசையவில்லை. எனக்குச் சின்ன வயசுப் பயம் திரும்ப வந்துவிட்டது.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பொங்கலுக்கு எங்கள் சந்தில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துக் கராத்தே படம் போட்டார்கள். அதில் மனிதத் தோல் போர்த்திய இயந்திரம் ஒன்று சண்டை போடும். எத்தனை உதை விழுந்தாலும் அதற்கு வலிக்காது. இங்கிலீஷ் படம் என்பதால் அண்ணன்தான் கதை சொன்னான்.

"அந்த மிஷினு, நைனா மாதிரியே வேஷம் போட்டுக்கினு ஒரு வூட்டுல பூந்துடுச்சுடா. புள்ளைக்கே தெரியல."

மறுநாள் தி.நகரில் ஜவுளி மூட்டை தூக்கிவிட்டு வந்த அப்பா, வாசற்படியில் காலை நன்றாக இடித்துக்கொண்டார். ஒரு சத்தமும் போடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாடா, பேயறைஞ்ச மாதிரி கீற?" என்று நெற்றியைத் தொட வந்தார். அந்தக் கையைப் பிடித்துக் கடித்தேன்.

"ஐயோ! நாயாடா நீ?" என்று அலறி, முதுகில் ஒன்று வைத்தார். அவர் மடியிலேயே விழுந்து அழுதேன், அத்தனை நிம்மதி.

நாளைக் காலை மறுபடி குத்திப் பார்ப்பார்களாம். அப்பா அலற வேண்டும்.

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.